டிவியில வர்ற டபிள்யூடபிள்யூஇ மாதிரி ஷோவுல ரெஸ்லர் ஆகணும்னு ஆசைப்படுற தம்பி தங்கைகளுக்கு

ஜிம்முல உடம்பை ஏத்தினா மட்டும் போதாதுப்பா. முதல்ல விழக் கத்துக்கணும். தாடையை நெஞ்சோட ஒட்டி, மூச்சை வெளிய விட்டுக்கிட்டே, மேல்முதுகு முழுசா படுற மாதிரி விழணும். அதே நொடியில ரெண்டு கையையும் விரிச்சு ரிங் தரையை அறையணும். பின்னந்தலை தரையைத் தொடவே கூடாது. தயவுசெஞ்சு இதை மொட்டை மாடியில பண்ணிப் பார்க்காதீங்க. கழுத்து போனா போனதுதான்.

கவிதா தேவியைப் பாருங்க. ஹரியானா பொண்ணு. 2016 தெற்காசியப் போட்டியில பளுதூக்குதல்ல தங்கம். அப்புறம் ஜலந்தர்ல இந்திய ரெஸ்லர் கிரேட் காளியோட பயிற்சிக்கூடத்துல சேர்ந்தாங்க. 2017ல சல்வார் கமீஸோட டபிள்யூடபிள்யூஇ ரிங்ல இறங்கினாங்க, முதல் இந்தியப் பெண்ணா. அதுவும் ஒரு குழந்தைக்கு அம்மாவா இருக்கும்போது!

நீங்களும் ஊர்ல கிடைக்கிற மல்யுத்தமோ, கபடியோ, பளுதூக்குதலோ இப்பவே ஆரம்பிங்க. படிப்பை விட்டுடாதீங்க. ரசிகர்கள் முன்னாடி மைக் பிடிச்சுப் பேசவும் பழகணும். ஸ்டீராய்டு ஊசியை நீட்டுற ஜிம் பக்கமே போகாதீங்க.