கால் ரத்தக்கட்டி: டாப்ளர் முதல் ஐஎன்ஆர் வரை வீட்டில் பார்த்துக்கொண்ட விதம்

காரைக்குடியில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் காலில் ரத்தக்கட்டி வந்தது. அப்பத்தாவுக்கு, மதுரையில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியபின். சித்தப்பாவுக்கு, சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியபின். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் அப்பத்தாவுக்குப் பழைய வகையான அசிட்ரோம், சித்தப்பாவுக்குப் புதிய வகையான ரிவராக்சபன். இரண்டு வைத்தியமும் ஒரே வீட்டில் நடந்ததால் எது எங்கே சறுக்கும் என்பது பிடிபட்டது. இந்த நோயில் மருத்துவமனையில் நடப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் மாதக்கணக்கில் வீட்டில் நடக்கிறது. அந்த மீதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். இதில் வரும் அளவுகள் அவர் எழுதித் தரும் சீட்டைப் புரிந்துகொள்வதற்காக மட்டும்.

முதலில் கால். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை கல் மாதிரி இறுகி, தொட்டால் சூடாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே தையல் டேப்பை வைத்து இரண்டு காலையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் போனால் ரத்தக்கட்டிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று போடும் மதிப்பெண்ணில் டாக்டர்களே அதை ஒரு புள்ளியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். மூட்டு அறுவை செய்த காலில் எப்படியும் வீக்கம் இருக்கும் என்பதால், ஒருநாள் பார்த்துவிட்டு விடக்கூடாது. தினமும் அதே இடத்தில் அளந்து எழுதி வைத்தால்தான் ஏறுகிறதா வடிகிறதா என்று தெரியும். பார்க்க வருகிறவர்கள் "எண்ணெய் போட்டு நல்லா நீவி விடுங்க, வடிஞ்சிரும்" என்பார்கள். வீங்கிய காலை அழுத்தி நீவவே கூடாது. உள்ளே புதிதாகத் திரண்ட கட்டி குழாய்ச் சுவரில் உறுதியாக ஒட்டியிருக்காது. அது பெயர்ந்தால் இதயம் வழியாக நுரையீரலுக்குத்தான் போகும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் டாப்ளர் ஸ்கேனுக்கு (ரத்தக்குழாயைப் பார்க்கும் ஸ்கேன்) அப்பாயின்ட்மென்ட் கேட்டுக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

ரத்தம் ஏன் குழாய்க்குள்ளேயே உறைகிறது என்பதற்கு ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ 1856இல் எழுதியதை ஒட்டி மூன்று காரணங்களை இன்றும் சொல்கிறார்கள்: ஓட்டம் தேங்குவது, குழாய்ச் சுவர் காயப்படுவது, ரத்தமே உறையத் துடிப்பது. மூட்டு அறுவையில் மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னொன்றும் சேரும். படுக்கை முற்றத்தை ஒட்டிய வளவில் இருக்கும், கழிப்பறை வீட்டின் பின்கோடியில் இருக்கும், நடுவே உயரமான நிலைப்படிகள். அவ்வளவு தூரம் நடக்க அஞ்சி வயதானவர்கள் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள், நடையையும் குறைத்துவிடுகிறார்கள். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை நாற்காலி வாங்கிப் போடுவது, பிறகு வாங்கும் எந்த மாத்திரைக்கும் குறைந்த வைத்தியமில்லை.

உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்குகளை அளக்கும் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையைப் பலர் முதலில் எடுத்துவிடுகிறார்கள். அறுவை முடிந்து சில வாரங்களுக்கு அது எல்லோருக்குமே உயர்ந்துதான் இருக்கும். அப்பத்தா போன்றவர்களுக்கு அதனால் பயன் இல்லை, நேராக டாப்ளர்தான். சந்தேகம் குறைவாக உள்ளவர்களுக்கு டி-டைமர் சாதாரணமாக இருந்தால் கட்டி இல்லை என்று தள்ளிவிட உதவும், அவ்வளவுதான். டாப்ளரில் ஸ்கேன் கருவியின் முனையால் தொடையிலிருந்து கீழே வரை சிரையை (ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்) அழுத்திக்கொண்டே வருவார்கள். நல்ல சிரை அமுங்கி மூடிக்கொள்ளும். கட்டி இருந்தால் அமுங்காது. ரிப்போர்ட்டில் கட்டி முழங்கால் மடிப்பிலும் அதற்கு மேலுமா, கெண்டைக்காலில் மட்டுமா என்று பாருங்கள். கெண்டையோடு நின்றால் சிலருக்கு மருந்து தராமல் ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பதும் உண்டு. மேலே இருந்தால் அன்றைக்கே மருந்து.

மருந்துக்கு முன்னால் எடையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையும். இந்த இரண்டும் இல்லாமல் ஊசி அளவு எழுதினால் கேள்வி கேட்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈனாக்ஸபாரின் ஊசி உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆனால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் நாளுக்கு ஒரு ஊசிதான். அப்பத்தாவுக்கு வயது 78, எடை 60 கிலோ, கிரியாட்டினின் 1.5. லேப் சீட்டில் 1.5 என்பது சற்றே கூடுதல் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை: 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கிய தொகையால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். வருவது 29. அந்த ஒரு எண்ணால்தான் ஊசி பாதியானது. புதிய மாத்திரைகளை விட்டு அசிட்ரோம் பக்கம் போனதும் அதனால்தான்.

ஊசியை வீட்டிலேயே போடலாம். தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேர்செங்குத்தாக முழுவதும் இறக்கி மெதுவாக அழுத்த வேண்டும். முழு சிரிஞ்சும் போடுவதாக இருந்தால் உள்ளே தெரியும் காற்றுக்குமிழியை வெளியேற்றக் கூடாது; அது கடைசிச் சொட்டு மருந்தைத் தள்ளிவிடத்தான் இருக்கிறது. போட்டபின் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் அந்த இடம் கன்றிப்போகும். இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். ஈனாக்ஸபாரின் போன்ற ஹெப்பாரின் வகை ஊசிகளால் அரிதாகச் சிலருக்கு 5 முதல் 10 நாளுக்குள் தட்டணுக்கள் (பிளேட்லெட்) பாதியாகக் குறைந்து, ரத்தம் இன்னும் அதிகமாக உறையத் தொடங்கும். அறுவை முடிந்தவர்களுக்கு அந்த வாரத்தில் ஒரு பிளேட்லெட் எண்ணிக்கை பார்ப்பது அதற்காகத்தான்.

அடுத்து வருவது, நாங்கள் பார்த்தவரை அதிகம் பேர் சறுக்கும் இடம். அசிட்ரோம் தொடங்கிய அன்றே, "மாத்திரைதான் வந்துருச்சே" என்று ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். அசிட்ரோமும் அதே வகை மருந்தான வார்ஃபரினும் உறைந்த கட்டியைக் கரைப்பதில்லை. ரத்தத்திலுள்ள உறைதல் புரதங்களையும் நேரடியாகத் தொடுவதில்லை. கல்லீரல் வைட்டமின் கே கொண்டு செய்யும் புரதங்களைப் புதிதாகச் செய்யவிடாமல் தடுக்கின்றன. ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பவை தானாகத் தீர வேண்டும். அந்தப் புரதங்களில் 7ஆம் காரணி எனப்படுவது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்லும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனை எண் இரண்டு மூன்று நாளிலேயே ஏறிக் காட்டும். ஆனால் உண்மையான பாதுகாப்பு 2ஆம் காரணியான புரோத்ராம்பின் குறைவதில் இருக்கிறது. அது பாதியாவதற்கே ஏறக்குறைய 3 நாள் ஆகும். இதற்குள், உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரோட்டீன் சி வேறு முதலிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆக முதல் சில நாள் ரத்தம் உறையும் பக்கமே சாய்ந்திருக்கும், சீட்டில் மட்டும் ஐஎன்ஆர் நன்றாகத் தெரியும். அதனால்தான் ஊசியும் மாத்திரையும் சேர்ந்து குறைந்தது 5 நாள், அதோடு ஐஎன்ஆர் 2க்கு மேல் ஒருநாள் முழுக்க நின்றபிறகே ஊசியை நிறுத்த வேண்டும். இரண்டும் நிறைவேற வேண்டும், ஒன்று மட்டும் போதாது.

ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரும், கூடினால் ரத்தம் கசியும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, நிலைத்தபின் நாலு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். இதில் லேப்பைக் கவனிக்காமல் விட்டால் மருந்தளவே தவறாகப் போகும். நீலமூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம், கோடு வரை, சேர வேண்டும். கை நரம்பு கிடைக்கவில்லை என்று பாதிக் குழாயோடு நிறுத்தினால் திரவம் மிகுந்து ஐஎன்ஆர் பொய்யாகக் கூடிக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் போச்சு. குழாய் நிறையவில்லையென்றால் இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. எடுத்த ரத்தம் இங்கேயே பார்க்கப்படுகிறதா, மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறதா என்றும் கேளுங்கள். இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் ஃபிரிட்ஜில் வைக்காமல் அறை வெப்பத்தில் இருந்து 24 மணி நேரத்துக்குள் பார்க்கப்பட வேண்டும். முடிந்தவரை ஒரே லேப். ரத்தம் காலையில், மாத்திரை மாலையில். அப்போதுதான் அன்றைய ரிசல்ட்டைப் பார்த்து அன்றைய மாத்திரையையே மாற்ற முடியும்.

அசிட்ரோம் 1, 2, 3, 4 மி.கி. என்று வருவதால் பட்டை மாறிப்போவது சுலபம். "ஒரு மாத்திரை" என்று பேசாமல் எப்போதும் மில்லிகிராமில் பேச வேண்டும். திங்கள் 2, செவ்வாய் 3 என்று டாக்டர் மாற்றி மாற்றிக் கொடுத்தால், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளிலேயே அன்றைய அளவை எழுதி, கொடுத்ததும் டிக் அடிப்பது எங்களுக்குச் சரியாக வந்தது. ஒருவேளை விட்டுப்போனால் அன்றைக்கே நினைவு வந்தால் கொடுக்கலாம். மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது.

சாப்பாட்டில் கீரையை நிறுத்தச் சொல்பவர்கள் அதிகம். நிறுத்த வேண்டியதில்லை, அளவு மாறாமல் இருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். சஷ்டி விரதத்தில் ஆறு நாள் சாப்பாட்டைச் சுருக்கினால் ஐஎன்ஆர் ஏறும். விரதம் இருப்பதாக டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி அந்த வாரம் ஒரு பரிசோதனை வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், பூஞ்சைக்கு ஃப்ளுகோனசோல், சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்சசோல் இவை மூன்றும் ஐஎன்ஆரை வேகமாக ஏற்றும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். பல்லில் ரத்தம், கருமையான மலம், காரணமில்லாமல் கன்றிப்போவது தெரிந்தால் உடனே பரிசோதனை. தலையில் அடிபட்டால், ஆள் தெளிவாகப் பேசினாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

சித்தப்பா பக்கம் வேலை குறைவு. ரிவராக்சபன் 15 மி.கி. நாளுக்கு இரண்டு முறை 21 நாள், பிறகு 20 மி.கி. ஒருமுறை. ஐஎன்ஆர் வேண்டாம். ஆனால் 15, 20 மி.கி. மாத்திரைகளை வயிறார சாப்பாட்டோடுதான் போட வேண்டும். டீயும் பிஸ்கட்டும் போதாது, மருந்து முழுதாக உடம்பில் சேராது. 22ஆம் நாள் அளவு மாறுவதைக் கடைக்காரர் நினைவூட்ட மாட்டார், நாம்தான் குறித்து வைக்க வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு (ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஒரு நோயெதிர்ப்புக் கோளாறு) இருப்பவர்களுக்கும் இயந்திர இதய வால்வு வைத்தவர்களுக்கும் இந்தப் புதிய மாத்திரைகள் ஏற்றவை அல்ல, அவர்களுக்கு அசிட்ரோம் போன்ற பழைய மருந்தே.

எவ்வளவு காலம்? அறுவையால் வந்ததென்றால் பெரும்பாலும் 3 மாதம். அப்பத்தாவுக்கு அதோடு நிறுத்தினார்கள். பெரிய காரணம் இல்லாமல் வந்ததென்றால் மருந்தை நிறுத்தியபின் முதல் ஆண்டில் 10 சதவீதம் பேருக்கும், 10 ஆண்டுக்குள் 36 சதவீதம் பேருக்கும் மறுபடி வருகிறது என்று 2019இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த பயணம் ஆபத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினாலும் அது சிறிய காரணம்தான். அதனால் சித்தப்பாவுக்கு 6 மாதத்துக்குப் பிறகும் ரிவராக்சபன் 10 மி.கி. அளவில் தொடர்கிறது.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகலாமா என்று அவர் கேட்டபோது டாக்டர் தடுக்கவில்லை. நடை நல்லது, தண்ணீர் குறையக் கூடாது என்றார். வழியில் உள்ள முகாம்களில் கால்வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்கக் கூடாது, ரத்தம் கசியும். பாராசிட்டமால் மட்டும் போதும். அதற்காகவே மருந்தின் பெயர், அளவு, டாக்டரின் எண் எழுதிய ஒரு அட்டையை லேமினேட் செய்து, யாத்திரைப் பையில் இல்லாமல் சட்டைப்பையில் வைத்து அனுப்பினோம்.