பூட்டுக்கு மேலே ஒரு வரி

இந்த வாரம் முழுக்க லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள விசாக் (vsock) நிரலைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். விர்ச்சுவல் மெஷினும் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, அதாவது கெஸ்ட்) அது ஓடும் ஹோஸ்ட் கணினியும் ஐபி முகவரி, நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லாமல் நேராகப் பேசிக்கொள்ளும் சாக்கெட், அதாவது தொடர்பு முனை இது. முகவரி என்றால் எந்த மெஷின் என்று சொல்லும் ஒரு சிஐடி எண், ஒரு போர்ட், அவ்வளவுதான். ஹோஸ்ட்டுக்கு எப்போதும் 2, கெஸ்ட்டுகளுக்கு 3 முதல்.

இந்த நிரலை ரிவ்யூ செய்யும்போது நான் முதலில் தேடுவது, ஒரே சாக்கெட்டில் இரண்டு த்ரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) கை வைக்காமல் தடுக்கும் பூட்டு எந்த வரியில் போடப்படுகிறது என்பதைத்தான். காரணம் 2021இல் அடைக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டை. பல டிரான்ஸ்போர்ட்டுகளுக்கு (தரவை உண்மையில் கொண்டுபோகும் அடிப்படை நிரல்கள்) இடம் தரும் மாற்றம் கெர்னலின் 5.5 பதிப்பில் வந்தபோது, சில ஃபங்ஷன்கள் டிரான்ஸ்போர்ட் இருக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டரை லோக்கல் வேரியபிளில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் சாக்கெட்டைப் பூட்டின. அந்தச் சின்ன இடைவெளியில் இன்னொரு த்ரெட் வேறு முகவரிக்கு கனெக்ட் செய்தால் டிரான்ஸ்போர்ட் மாறிவிடும், கையில் இருப்பதோ பழைய பாயிண்டர். திருத்தம் என்ன தெரியுமா? அந்த வரியைப் பூட்டுக்குக் கீழே இறக்கியதுதான்! பேட்ச்சைப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும், ஆனால் அந்த ஓட்டை வழியாகக் கணினியின் முழுக் கட்டுப்பாடான ரூட் அதிகாரத்தையே கைப்பற்ற முடிந்தது.

அடுத்தது கிரெடிட் கணக்கு, அதாவது எதிர்முனையின் பஃபரில் (தரவு காத்திருக்கும் இடம்) இன்னும் எவ்வளவு அனுப்பலாம் என்ற கணக்கு. அனுப்பிய பைட்டுகளில் எதிர்முனை படித்து முடித்ததைக் கழித்து, மிச்சத்தை அதன் பஃபர் அளவிலிருந்து கழிக்க வேண்டும். எண்கள் எல்லாம் 32 பிட், மைனஸ் கிடையாது. எதிர்முனை நடுவில் பஃபரைச் சுருக்கிவிட்டால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் நானூறு கோடியைத் தாண்டி நிற்கும். அதனால் பஃபர் அளவிலிருந்து கழிக்கும் அந்தக் கடைசிக் கழித்தலை மைனஸும் வரக்கூடிய 64 பிட்டில் செய்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு இடத்திலும் பார்த்துவிடுங்கள்.