ஃபியோ ஆபரேஷன்: மூன்று மணி நேர வேலை, இரண்டு மாத அலைச்சல்

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி, ‘ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருக்கலாம்’ (சுருக்கமாக ஃபியோ, பி.பி.யை ஏற்றும் ஹார்மோன்களைக் கொட்டும் கட்டி) என்று சி.டி. ரிப்போர்ட்டோடு நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். தலைவலி, வியர்வை, படபடப்பு, திடீரென்று 200-ஐத் தாண்டும் பி.பி. எல்லாம் உங்களுக்கே தெரியும். அம்மாவுக்கு வலது பக்கக் கட்டியை லேப்ராஸ்கோப்பியில் எடுத்தாயிற்று. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. உயிரை வாங்கியதெல்லாம் அதற்கு முந்தைய வேலைகள்.

முதல் அடி சிறுநீரில். டாக்டர் எழுதியது 24 மணி நேர மெட்டாநெஃப்ரின், அதாவது அந்த ஹார்மோன்கள் உடைந்து வரும் பொருளை ஒரு நாள் சிறுநீரில் அளக்கும் டெஸ்ட். கவுன்ட்டரில் பில் போட்டது வி.எம்.ஏ. “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்றார் அந்தப் பையன். ஒன்றில்லை. வி.எம்.ஏ. பழைய டெஸ்ட், நார்மல் என்று வந்தாலும் கட்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது. பணம் கட்டுமுன் பில்லில் ‘மெட்டாநெஃப்ரின்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஒரு வாரமும் ஒரு பயணமும் வீண்.

அடுத்த தடவை சிறுநீர் சேர்த்துக் கொடுத்த கேனே திரும்பி வந்தது. காலை 6 மணிக்கு எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் பிடிக்கக் கூடாது. மணியை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு போவது அத்தனையும், மறுநாள் காலை 6 மணிக்குப் போவதும் சேர்த்து, கேனுக்குள். நாங்கள் இரண்டு நாள் காலையும் பிடித்துவிட்டோம், ஆரம்பித்த நேரத்தையும் எழுதவில்லை. கேனின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும் தண்ணீர் மாதிரியான சமாச்சாரம் ஆசிட், கழுவிக் கொட்டிவிடாதீர்கள். நேராக அதற்குள் போகவும் கூடாது, மக்கில் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். கேன் குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும். கூடவே கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள், 24 மணி நேரச் சிறுநீர் முழுசாக வந்ததா என்று அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, மாத்திரைகள். நரம்பு வலிக்கென்று பல வருஷமாகப் போடும் அமிட்ரிப்டிலின், மூக்கடைப்புக்கான சளி மாத்திரை, சில லேப் முறைகளில் பாராசிட்டமால்கூட, ரிப்போர்ட்டைக் குழப்பும். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள். ரத்தத்தில் பார்ப்பதாக இருந்தால் 20, 30 நிமிடம் படுக்கவைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்துக் குத்தினால், இல்லாத கட்டியும் இருக்கிற மாதிரி எண் ஏறும்.

“ஒரு ஊசி போட்டு சதை எடுத்துப் பாத்துரலாமே” என்று யாராவது சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். ஃபியோ இல்லை என்று டெஸ்டில் உறுதியாகாதவரை அட்ரினல் கட்டியில் ஊசி வைக்கக் கூடாது. குத்தினால் சுரப்பு கொட்டி பி.பி. எகிறும். வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசிக்கும் இதே பயம் உண்டு. இரண்டையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொன்னோம்.

அப்புறம் ஆல்ஃபா அடைப்பு, அதாவது அந்த ஹார்மோன்கள் ரத்தக் குழாயைச் சுருக்கும் வழியை மாத்திரையால் அடைப்பது. ஆபரேஷனுக்கு முன் குறைந்தது 7 முதல் 14 நாள். எங்களுக்குக் கொடுத்தது பிரசோசின். முதல் டோஸை ராத்திரி படுக்கப்போகும்போது போடுங்கள். போட்டுவிட்டு பாத்ரூமுக்கு எழுந்தால் தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. நடுவில் படபடப்பு என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனால் புரோப்ரனலால் என்ற பீட்டா அடைப்பு மாத்திரையை எழுதிவிடுவார்கள். எங்களுக்கும் எழுதினார்கள். ஆல்ஃபாவை அடைக்காமல் பீட்டாவை அடைத்தால், ரத்தக் குழாயை விரிக்கும் வழி மூடி, சுருக்கும் வழி மட்டும் திறந்திருக்கும். பீட்டா மாத்திரை வரலாம், ஆனால் ஆல்ஃபா ஆரம்பித்து மூன்று நான்கு நாளாவது கழித்து, அதே டாக்டர் சொல்லி.

உச்சக்கட்ட கூத்து சாப்பாட்டில். இந்த மாத்திரையோடு உப்பும் தண்ணீரும் தாராளமாகப் போக வேண்டும். இத்தனை நாள் இறுகிக் கிடந்த குழாய்கள் தளரும்போது உள்ளே ரத்தம் போதாது. அதை இப்போதே நிரப்பாவிட்டால் கட்டியை எடுத்ததும் பி.பி. பாதாளத்துக்குப் போகும். அட்மிட் ஆன மதியம் வந்த தட்டில் ‘பி.பி. டயட்’ என்று சீட்டு. உப்பில்லாத ரசம், வெறும் சுரைக்காய்க் கூட்டு, ஊறுகாய் கிடையாது. டயட்டீஷியனிடம் சொன்னால், “பி.பி. பேஷன்ட்டுக்கு உப்பு எப்படிம்மா?” என்று நம்மைத் திருப்பிக் கேட்கிறார். டியூட்டி டாக்டர் கையெழுத்துப் போட்டு டயட் மாற இரண்டு வேளை ஆனது. அதுவரை வீட்டு மோரும் உப்பு நார்த்தங்காயும்தான் காப்பாற்றின. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் இதைப் பார்த்து உப்பைக் கூட்டிவிடாதீர்கள், அவர்களுக்குக் கணக்கு வேறு.

ஒரு நோட்டு போடுங்கள். தினம் இரண்டு வேளை, உட்கார்ந்து ஒரு பி.பி., நின்று ஒரு பி.பி., நாடித்துடிப்பு. உட்கார்ந்தால் 130/80-க்குக் கீழே, நின்றால் மேல் எண் 90-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். மயக்க மருந்து டாக்டர் ஸ்கேனைப் பார்க்குமுன் இந்த நோட்டைத்தான் கேட்டார்.

முதலமைச்சர் காப்பீட்டில் போகிறவர்கள் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எங்கள் அனுமதி இரண்டு நாள் நின்றது ஒரு ‘கே’வால்.

ஆபரேஷன் மூன்று மணி நேரம், நாலு துளை. கட்டியைத் தொடும்போது ஏறிய பி.பி., அட்ரினல் சிரையில் கிளிப் போட்டதும் சரசரவென்று இறங்கியதாம்; எதிர்பார்த்ததுதான். ஒரு நாள் ஐ.சி.யூ. சர்க்கரையும் சட்டென்று இறங்கும் என்பதால் அங்கே விரலைக் குத்திக்கொண்டே இருந்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டை வரி வரியாகப் படியுங்கள். எங்கள் சீட்டில் பிரசோசின் மூன்று வேளை என்று பழையபடியே இருந்தது. கட்டியும் இல்லை, காலையில் பி.பி. 104/66. அட்மிஷன் சீட்டிலிருந்து அப்படியே காப்பி ஆகியிருக்கிறது. ஃபார்மஸி வரிசையில் நின்றபோதுதான் கண்ணில் பட்டது. திரும்ப வார்டுக்கு ஓடி அடிக்க வைத்தோம். அதே சீட்டில் இல்லாமல் போன இரண்டையும் அப்போதே எழுதி வாங்கினோம்: இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுபடி மெட்டாநெஃப்ரின், ஜீன் பரிசோதனைக்கான ஆலோசனை. ஃபியோ வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரம்பரை வகை என்பதால், இரண்டாவது விஷயம் பிள்ளைகளான எங்களுக்கும் சேர்த்துத்தான்.