காட்பாடியில் ஒரு கண்ணாடி

"அண்ணா, ஒரு மிரர் வைக்கணும், உங்க கண்ட்ரோல் ரூம்ல ஒரு ஓரம் குடுங்க" என்று கேட்டதற்கு எங்கள் ஏரியா கேபிள் அண்ணன் முதலில் கேட்டது, "எந்த சுவத்துல மாட்டணும்பா?" அடுத்த கேள்வி, இதுல இன்னா வருமானம். ஒண்ணும் இல்லை என்றேன். சிரித்துவிட்டு டீ சொன்னார்.

டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் 1993-இல் தொடங்கியது. அதன் மென்பொருள்களை ஒரே இடத்திலிருந்து ஊருக்கெல்லாம் கொடுக்க முடியாது என்பதால் பல்கலைக்கழகங்கள், இணைய நிறுவனங்கள், என்னைப் போன்ற வேலையற்ற ஆர்வலர்கள் எல்லாம் அச்சு அசலாக ஒரு நகலைத் தங்கள் செலவில் வைத்திருக்கிறார்கள். அதுதான் மிரர். இத்தனை வருடம் யார் வீட்டுக் கரண்டிலோ ஓடும் மிரரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன், ஒருநாள் கூச்சமாகிவிட்டது.

என் வீட்டில் வைக்க முடியாது, சிஜிநாட் என்ற ஏற்பாட்டில் பல வீட்டுக்கு ஒரே ஐபி (இணைய முகவரி), வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வழியில்லை. அண்ணனிடம் நிலையான ஐபி இருக்கிறது. அதைவிட முக்கியம், அவர் லைனில் இறங்குகிற பக்கம்தான் ராத்திரி ஒன்பது மணிக்கு மூச்சுமுட்டும். ஏற்றுகிற பக்கம் நம்ம பாலாறு மாதிரி அகலமாக, காலியாகக் கிடக்கும். மிரருக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான்.

பழைய டெஸ்க்டாப், 4 டிபி டிஸ்க். எல்லா வகைக் கணினிக்கும் எடுக்காமல் ஏஎம்டி64-ம் (இன்றைய சாதாரண பிசி வகை) சோர்ஸும் (மூல நிரல்) மட்டும் எடுத்ததற்கே 1 டிபியைத் தாண்டியது, முதல் நகல் முடிய நாலு நாள்.

அப்புறம் நான் செய்த முட்டாள்தனம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் தெரியும் என்ற திமிரில் ஒற்றை வரிக் கட்டளையை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டுப் போய்விட்டேன். ஒரு வாரத்தில் குடியாத்தத்திலிருந்து கல்லூரித் தம்பி ஒருவன் போன்: "அண்ணா, உங்க மிரர்ல அப்டேட் போட்டா ஹேஷ் சம் மிஸ்மேட்ச்னு வருது." ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, பட்டியலில் இருப்பதும் கோப்பும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பார்த்தால், பாதி சிங்க்கில் கரண்ட் போயிருக்கிறது, இன்வெர்டரும் படுத்திருக்கிறது. பட்டியல் கோப்புகளில் சில புதுசு, சில பழசு. புதுசில் இருக்கிற பொதிகள் (மென்பொருள் மூட்டைகள்) பல உள்ளே வரவேயில்லை. ரேஷன் கடை போர்டில் பருப்பு என்று எழுதிவிட்டு மூட்டை வராத கதை. இதற்கென்றே டெபியன்காரர்கள் எஃப்டிபிசிங்க் என்று ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். அது முதலில் பொதிகளை மட்டும் கொண்டுவரும், அவை முழுதாகச் சேர்ந்த பிறகுதான் பட்டியலைத் தொடும், பழசை அழிப்பது கடைசியில். நடுவில் கரண்ட் போனாலும் பழைய பட்டியலும் பழைய பொதியும் அப்படியே இருக்கும். இவ்வளவு எளிய விஷயம் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

நீ நடுவில் வைரஸ் வைத்தால் என்று என் மச்சான் கேட்டான். முடியாது. ரிலீஸ் என்ற தலைமைப் பட்டியல் கோப்பில் டெபியனின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, ஒவ்வொரு பொதியின் ஹேஷும் அந்தச் சங்கிலியில் வருகிறது. நான் ஒரு எழுத்தை மாற்றினாலும் அவன் கணினி வாங்காது.

அசல் ஒரு நாளைக்கு நாலு முறை மாறும், நானும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இழுக்கிறேன். மே மாதம்தான் பயம். கண்ட்ரோல் ரூமுக்கு மேலே சிமெண்ட் ஷீட், அக்னி நட்சத்திரத்தில் டிஸ்க் 54 டிகிரி காட்டியது. டேபிள் ஃபேன் ஒன்றை அதன் பக்கம் திருப்பி வைத்தோம், அதுவரை அந்த ஃபேன் அண்ணனுக்கு.

உண்மையைச் சொன்னால் கூட்டமெல்லாம் கிடையாது. பெரும்பாலானவர்கள் நிறுவும்போது வருகிற சிடிஎன் (பக்கத்து சர்வரிலிருந்து தானாகக் கொடுக்கும் பெரிய வலையமைப்பு) முகவரியையே மாற்றாமல் விட்டுவிடுவார்கள். ஆனால் 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 (செல்லப்பெயர் டிரிக்ஸி) வந்தது, மறுநாள் ஞாயிறு காலை, யார் என்ன இறக்கினார்கள் என்று பதியும் லாகைத் திறந்தேன். வரிவரியாக டிரிக்ஸி, டிரிக்ஸி என்று ஓடுகிறது. யார் என்று தெரியாது, ஐபி மட்டும். ஒருத்தர் லிப்ரே ஆபிஸை இறக்க மூன்று முறை முயன்று, விட்ட இடத்திலிருந்தே பிடித்து, கடைசியில் முழுதாக எடுத்துக்கொண்டார். அந்த வரி வருகிறவரை எழுந்து போக மனசில்லை, டீ ஆறிப்போனது.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உபுண்டுவும் வெச்சிரலாமா?" என்றார். அது டெபியனிலிருந்து பிறந்த இன்னொரு லினக்ஸ், அதற்கு இன்னொரு டிஸ்க் வாங்க வேண்டும். ஆடி போகட்டும் என்றிருக்கிறார்.