தொண்ணூறு கியாட் நோட்டு: எழுதும் நாட்களின் குறிப்பு

ஜூன் 3, யாங்கோன்

புதிய குறுநாவலின் முதல் அத்தியாயம் இன்று முடிந்தது. 1987 ஆகஸ்டில் ஒரு மழைநாள். ரங்கூன் (இன்றைய யாங்கோன்) மொகல் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவரிடம், நனைந்து நிற்கும் ஒரு பெண், தன் குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு, பர்மிய நாணயமான கியாட்டில் தொண்ணூறு கியாட் நோட்டை நீட்டுகிறாள். 15, 25, 35, 75 என விநோதமான தொகைகளில் நோட்டுகள் புழங்கிய காலம் அது. ஆனால் 90 கியாட் நோட்டு அந்த ஆண்டு செப்டம்பர் 22 அன்றுதான் வெளிவந்தது. கள்ளநோட்டு என்று அதைப் பறித்து வைத்துக்கொண்டு அவளைத் துரத்திவிடுகிறார்.

ஜூன் 7

செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள், மாற்றிக்கொள்ள வழியே இல்லாமல், செல்லாதவை என்று அரசு அறிவித்ததை நான்காம் அத்தியாயம்வரை மறைத்துவைக்க எண்ணியிருந்தேன். தமிழ்நாட்டு வாசகர் அதிர்ந்துபோகலாம். ஆனால் இங்கே அந்தத் தேதியை மறந்த குடும்பம் ஏது? ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் தேதியை வெளிப்படையாகவே எழுதிவிட்டேன். கடைக்காரர் அன்றாடம் இரவில் 75 கியாட் நோட்டுகளை எண்ணிப் பிஸ்கட் டப்பாவில் அடுக்குவதை, அடுத்து வருவது என்னவென்று தெரிந்த வாசகர் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய திகிலை என்னால் உண்டாக்க முடியாது.

ஜூன் 12

90 கியாட் நோட்டில் இருப்பது சாயா சான் முகம். 1930இல் தாராவடியில் உழவர் கிளர்ச்சியைத் தொடங்கி, 1931இல் தூக்கிலிடப்பட்டவர். குண்டு துளைக்காது என்று நம்பிப் பச்சை குத்திக்கொண்ட அவருடைய ஆட்களைக் காலம் கடந்து வரும் இரகசியக் கூட்டமாக்கலாம் என்று முதலில் தோன்றியது. உண்மையாகவே குண்டடிபட்டு இறந்தவர்களை அப்படி வேடிக்கைப் பொருளாக்க மனம் ஒப்பவில்லை. கடைக்காரரின் தாத்தா செட்டியாரின் வட்டிக்கடையில் கணக்கெழுதும் அடுத்தாளாக இருந்தவர் என்று மட்டும் சேர்த்தேன். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1938 வாக்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நெல்வயல் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அந்தக் கணக்கை எழுதிய கையின் பேரன் அந்த முகத்தை எளிதாகப் பார்த்துவிட முடியாது.

ஜூன் 16

பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் அப்போது மளிகைக் கடை வைத்திருந்தார்.

“அன்னிக்கு நான் கடைய மூடலடா. செல்லாத நோட்டோட வந்தவங்களுக்கும் அரிசி குடுத்து, கணக்குல எழுதிக்கிட்டேன்.”

“எத்தன பேரு திருப்பிக் குடுத்தாங்க, பெரியப்பா?”

“கணக்கு நோட்டக் கறையான் தின்னுடுச்சு. அத விடு.”

வீடு திரும்பியதும் ஐந்தாம் அத்தியாயத்தை முழுவதுமாக அழித்தேன். அதில் என் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருந்தார்.

ஜூன் 20

முடிவு கிடைத்துவிட்டது. புதிய நோட்டுகள் வெளிவந்த பிறகு கடைக்காரர் கைக்கு வரும் முதல் 90 கியாட் நோட்டின் வரிசை எண்ணும், மேசைக்குள் கிடக்கும் பழைய நோட்டின் எண்ணும் ஒன்றே. அப்படியானால், காலத்தில் பின்னோக்கி ஆகஸ்டுக்கு வந்த அவளுக்கு அந்த நோட்டைக் கொடுக்கப்போவது அவரேதான். கடைப்படியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி மீதிச் சில்லறைக்காகக் காத்து நிற்கிறாள். முகம் தெரிந்த முகம். நோட்டைக் கொடுக்காவிட்டால் ஆகஸ்டில் அவள் துரத்தப்படவே மாட்டாள். கொடுத்தால், காய்ச்சல் மருந்தையும் சேர்த்தே பொட்டலம் கட்டிக் கொடுக்கவேண்டும். மருந்துப் புட்டியைத் தேடி அவர் அலமாரிப் பக்கம் திரும்பும் இடத்தில் இன்றிரவு நிறுத்தியிருக்கிறேன்.