நாணல் தவளைகளை இனங்காணும்போது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய குளங்களில் மழைக்கால இரவுகளில் நாணல் தவளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், பெரும்பாலும் முதுகின் நிறத்தையும் கோலத்தையும் வைத்தே பெயர் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் நாணல் தவளைகள் அடங்கிய, 140-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஹைப்பெரோலியஸ் பேரினத்தில் நிறத்தைப் போல ஏமாற்றும் அடையாளம் வேறு இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். தலைப்பிரட்டைப் பருவம் கடந்து கரையேறும் வண்ண நாணல் தவளையின் குஞ்சுகள் மங்கிய பழுப்பாக இருக்கும். பெண்கள் முதிரும்போது அவற்றின் மேல் பளிச்சென்ற கோடுகளோ புள்ளிகளோ தோன்றும். ஆண்களிலோ சில புதுக்கோலம் பூண, மற்றவை குஞ்சுப் பருவத்துப் பழுப்போடு நின்றே துணையை அழைக்கும். மேற்கு ஆப்பிரிக்கத் தவளைகளை ஆராய்ந்த ஆர்னே ஷியோட்ஸ் இவ்விரு தோற்றங்களையும் ஒரே இனத்தின் இரு வேறு நிலைகளாகப் பிரித்துக் காட்டியது, ஒரே இனத்துக்குப் பல பெயர் சூட்டும் குழப்பத்திலிருந்து மீள்வதற்குப் பெரிதும் உதவியது.

நிறத்தை ஒதுக்கிவிட்டுக் கண்ணைப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் கண்ணின் நடுவிலுள்ள கரும்பாவை கிடைமட்டமாகச் சுருங்கினால் ஹைப்பெரோலியஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். செங்குத்தாகச் சுருங்கினால் அதன் உறவினர்களை நினைக்க வேண்டும்: இலையை மடித்து அதற்குள் முட்டையிடும் ஆஃப்ரிக்சாலஸ், அல்லது தாவுவதை விட நடப்பதையும் ஓடுவதையும் விரும்பும் தரைவாழ் கசீனா. ஆஃப்ரிக்சாலஸ் இனங்கள் சிலவற்றின் முதுகில், உருப்பெருக்கியில் மட்டும் தெரியும் நுண்ணிய முட்களும் உண்டு.

பெரிய கண்களோடு மரக்கிளையில் அமர்ந்திருக்கும் லெப்டோபெலிஸுக்கும் பாவை செங்குத்துதான். ஒரு காலத்தில் நாணல் தவளைகளின் குடும்பத்திலேயே வைக்கப்பட்டிருந்த அது, இப்போது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கே ஆண் தவளையின் தொண்டை கைகொடுக்கும்: நாணல் தவளை கத்தும்போது உப்பும் குரல்பையின் மேல் தடித்த வட்டமான சுரப்பித் தகடு ஒன்று தெரியும், லெப்டோபெலிஸுக்கு அது கிடையாது.

அடுத்தது குரல். மெலிந்த பச்சை உடலும் கூர்மூக்கும் கொண்ட, ஹைப்பெரோலியஸ் பேரினத்துக்குள் வரும் நாசுட்டஸ் குழுவின் இனங்கள் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், 2013-இல் வெளிவந்த ஆய்வு மரபணுவையும் அழைப்பொலியையும் சேர்த்துக்கொண்டே அவற்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆகவே படம் எடுப்பவர்கள் கைபேசியில் ஒலியையும் பதிவு செய்துகொள்வது மிகவும் நல்லது.

குரலையே நம்பியிருக்கவும் முடியாது. தான்சானியாவின் உகாகுரு மலைகளிலிருந்து 2023-இல் விவரிக்கப்பட்ட ஹைப்பெரோலியஸ் உகாகுருவென்சிஸ் இனத்தின் ஆண்கள் கத்துவதே இல்லை. அவற்றின் தொண்டையில் சிறு முட்கள் உள்ளன, பெண்கள் அவற்றைத் தொட்டுணர்ந்து தம் இனத்து ஆணை அறியக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முதுகை மேலிருந்து எடுத்த படத்தில் அந்த முட்கள் அகப்படா. பக்கவாட்டிலிருந்து கண்ணும் தொண்டையும் தெரிய இன்னொரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.