பொன்னனையாளின் அடுப்படிப் பாத்திரங்கள்: வெள்ளியம்பலத்திலிருந்து திருப்பூவணம் வரை

திருப்பூவணத்துக்குப் போகிறவர்கள் முதலில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடராசர் ஆடும் வெள்ளியம்பலத்தின் முன் நின்று கும்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டும் என்பது என் எண்ணம். திருவிளையாடற் புராணத்தில் 36-வதாக வரும் 'இரசவாதம் செய்த படலம்' நடந்த ஊர் திருப்பூவணம். அந்த லீலையைச் செய்ய வந்த சித்தரோ மதுரைக்காரர், இந்த வெள்ளியம்பலத்தில் ஆடுகிறவர். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் அவர் கைவேலையைப் பார்க்கப் போவது எனக்கு முறையாகத் தோன்றவில்லை. அத்தையும் அதையே சொன்னார். அதனால் காலையில் முதல் வேலையாகச் சுவாமி சன்னதிக்குப் போனோம்.

நடராசர் என்றால் இடது பாதம் தூக்கி ஆடுகிறவர். இங்கே வலது பாதம் தூக்கியிருக்கிறார். ஒரே காலில் நின்று ஆடினால் வலிக்குமே என்று மனம் தாங்காத ராஜசேகர பாண்டியன் வேண்டிக்கொள்ள, அவனுக்காகக் கால் மாறினார் என்பது 24-வது படலம். பெருமானைச் சுற்றி வெள்ளி வேய்ந்திருக்கிறார்கள். தீபாராதனை காட்டும்போது அந்த வெளிச்சம் வெள்ளியில் பட்டுத் திரும்பி வருவதைப் பாருங்கள். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெள்ளி அளவுக்குத் திருப்பி அனுப்பும் உலோகம் வேறு இல்லை. வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்துவதிலும் அதுதான் முதலிடம். ஒரு சின்ன கற்பூரச் சுடர் அந்த இடத்தையே நிறைக்கிறது என்றால் அதில் வெள்ளியின் குணத்துக்கும் பங்கு உண்டு.

பெருமானின் ஐந்து சபைகளில் மூன்று உலோகத்தின் பெயரால் வழங்குகின்றன. சிதம்பரத்தில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையில் 11-வது தொகுதியைப் பார்த்தால் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் நிற்கும். மூன்றும் தட்டினால் தகடாகும், இழுத்தால் கம்பியாகும், காலம் காலமாக நாணயமாகவும் நகையாகவும் இருந்தவை. ஒரே குடும்பத்து உலோகங்கள். சபைகளுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு அந்த அட்டவணை தெரியாது. ஆனால் கையால் புழங்கியே அந்தச் சொந்தத்தை அவர்கள் கண்டுகொண்டார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வெள்ளி கறுப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டு அதன் மேல் வெள்ளி சல்பைடு படிகிறது. வீட்டில் வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்ப்போம். உலோகத்தைக் கீறாமல் கறையை மட்டும் எடுக்கிற மெல்லிய தூள் அது. இந்த விபூதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திருப்பூவணத்தில் மறுபடி வரும்.

வெளியே வரும் வழியில் மீனாட்சி நாயக்கர் மண்டபத்துத் திருவாச்சி விளக்கின் முன் அத்தை நின்றுவிட்டார். மருது பாண்டியர் கொடுத்தது, 1008 விளக்குகள். முழுக்கப் பித்தளை. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும், செம்பு உருகுவதே 1085 டிகிரியில்தான். உருகிய செம்பில் அப்படியே போட்டால் பாதி புகையாகப் போய்விடும் ஒன்றை அதனோடு சேர்த்துக் கட்டிவைத்தவர்களின் கைத்திறன் சாதாரணமானதா? கோயில் மணிக்கு மட்டும் வெண்கலம்தான். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் வெள்ளீயம் சேர்த்தால்தான் அந்தக் கார்வை வரும். தனிச் செம்பில் தட்டினால் நாதம் நிற்காது. தங்கத்தில் செய்தாலும் அப்படித்தான்.

அப்புறம் மானாமதுரை பஸ் ஏறினோம். திருப்பூவணம் மதுரையிலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், வைகைக் கரையில். இப்போது எல்லோரும் கீழடிக்காக இந்தப் பக்கம் வருகிறார்கள். அங்கே மண்ணுக்குள்ளிருந்து இரும்புக் கருவிகளும் செம்புப் பொருள்களும் தங்க அணிகலன் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. உலோகத்தோடு இந்த ஊர்ப்பக்கத்துக்கு இருக்கும் உறவு அவ்வளவு பழையது.

பூவணநாதர் கோயிலுக்குள் நுழைந்ததும் நந்தியைப் பார்க்க வேண்டும். சற்று விலகியே இருக்கும். வைகை மணலெல்லாம் சிவலிங்கமாகத் தெரிந்ததால் காலால் மிதிக்க மனமில்லாமல் தேவார மூவரும் மறுகரையில் நின்றே பாடினார்கள், அவர்கள் சுவாமியைப் பார்க்க நந்தி சாய்ந்து வழிவிட்டது என்பது தல வரலாறு. அம்பாள் சௌந்தரநாயகி. கூட்டம் இல்லாத நேரம், நின்று நிதானமாகக் கும்பிட முடிந்தது.

இந்த ஊரில் பொன்னனையாள் என்று ஒரு கணிகை இருந்தாள். கோயிலில் ஆடுவது, பாடுவது, வருகிற அடியார்க்கெல்லாம் சோறு போடுவது, இதுதான் அவள் வாழ்க்கை. பெருமானுக்குத் தங்கத்தில் ஒரு திருமேனி செய்ய வேண்டும் என்று ஆசை. கையில் வருவதெல்லாம் அன்னதானத்தில் கரைந்துவிடுகிறது, பொன்னுக்கு எங்கே போவாள்? ஒருநாள் அடியார்களோடு ஒரு சித்தரும் வந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போக, அவர் மட்டும் வாசலிலேயே நின்றார். விசாரித்து, அவள் மனக்குறையைக் கேட்டுக்கொண்டு, வீட்டிலிருக்கும் பித்தளை, செம்பு, ஈயம், இரும்புப் பாத்திரங்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். அவற்றின் மேல் விபூதியைத் தூவி, இரவு தீயிலிட்டுப் புடம் போடு, பொன்னாகும் என்றார். இரவு இங்கேயே தங்குங்கள் என்று அவள் வேண்ட, நாம் மதுரையில் இருக்கும் சித்தர் என்று சொல்லி மறைந்துவிட்டார். வந்தது வெள்ளியம்பலத்தில் ஆடுகிறவர் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மறுநாள் எல்லாம் தங்கம்.

நெருப்பால் ஒரு தனிமத்தை இன்னொரு தனிமமாக்க முடியாது. செம்பின் அணுக்கருவில் 29 புரோட்டான், தங்கத்தில் 79. எந்த உலையும் அதை மாற்றாது. ஆகவே இதை வேதியியலாக நான் சொல்லவில்லை. இது அவன் விளையாட்டு. ஆனால் கதை தொடரும் இடத்தில் ஒரு செய்தி இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். வார்த்து முடிந்த திருமேனியைப் பார்த்த பொன்னனையாள், 'அச்சோ, அழகிய பிரானோ இவர்!' என்று சொல்லி ஆசை தாங்காமல் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாளாம். அந்த நகக்குறி உற்சவரின் கன்னத்தில் இன்றும் இருக்கிறது என்கிறார்கள்.

சொக்கத் தங்கத்தைத் தெரிந்தவர்தான் இப்படி ஒரு கதையைச் சொல்ல முடியும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10. கலப்பில்லாத தங்கம் 2.5-ஐ ஒட்டி நிற்கிறது. மனிதனின் நகமும் ஏறக்குறைய அங்கேதான். அவ்வளவு மெத்தென்ற உலோகம் அது. அதனால்தான் தெற்கு ஆவணி மூல வீதியில் நாம் வாங்கும் நகையில் செம்பும் வெள்ளியும் சேர்த்து 22 காரட்டாக, அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கமாகக் கொடுக்கிறார்கள். கலப்பு இல்லாவிட்டால் வளையல் கையிலேயே நெளிந்துவிடும். வெண்கலத் திருமேனியாக இருந்திருந்தால் பொன்னனையாளின் நகம்தான் ஒடிந்திருக்கும். அன்பு பட்ட இடம் அழுந்த வேண்டுமானால் அது மாசில்லாத தங்கமாக இருக்க வேண்டும். தீபம் காட்டியபோது நான் வேறெங்கும் பார்க்கவில்லை, அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது அத்தையிடம் கேட்டேன், அத்தனை பாத்திரத்தையும் உலையில் போட்டுவிட்டு மறுநாள் எதில் சமைத்திருப்பாள் என்று.

"அது கெடக்கட்டும். புதுசா வாங்கிட்டு வான்னு அவரு சொல்லலையேம்மா. அடுப்படில இருந்ததத்தான கேட்டாரு. எத்தன அடியாருக்குச் சோறு வடிச்ச பானை! அதுக்கு அந்த அருகதை வந்துருச்சு" என்றார் அத்தை.

எனக்கு வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பொன்னனையாளின் அடுப்படியை அதன் பிறகு மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன். செம்புப் பானை: வெப்பத்தை அடிமுழுக்கச் சீராகப் பரப்பும், அதில் வைத்த தண்ணீரில் கிருமிகள் நிலைக்காது. கோயிலில் தீர்த்தம் செம்புப் பாத்திரத்தில் இருப்பதற்கு இதுவும் பொருந்தி வருகிறது. ஆனால் புளியும் தயிரும் அதில் ஆகாது, செம்பு கரைந்து இறங்கும். அதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். நவச்சாரத் தூளைப் போட்டுச் சூடுகாட்டி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் ஒரே இழுப்பாகத் தேய்ப்பார்கள். தெருவுக்கு வந்து உட்கார்ந்து பூசிக்கொடுத்த ஆட்களை அத்தை தன் சிறுவயதில் பார்த்திருக்கிறார். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். 232 டிகிரியிலேயே உருகிவிடும், வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்தால் கண்ணெதிரே ஒழுகிப்போகும். உள்ளே ரசம் இருக்கிறவரை பயமில்லை, கொதிக்கிற நீர் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். காரீயம் வேறு, அது நஞ்சு. இப்போது ஈயச்சொம்பு வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கடையில் தயங்காமல் கேட்க வேண்டும். 

சைவ சித்தாந்தத்தில் ஆணவத்தை, அதாவது உயிரோடு ஒட்டியிருக்கும் அழுக்கை, செம்பில் களிம்பு என்பார்கள். புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று ஆகும், புளியிலுள்ள அமிலம் அந்தக் கறையைக் கரைத்துவிடும். ஆனால் காற்றும் ஈரமும் இருக்கும்வரை மறுபடி வரும். பொன்னானபின் களிம்பு இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குத்துவிளக்கைத் துலக்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலில் இரும்பும் இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். கருவறைப் பூசையில் இரும்பைத் தள்ளிவைப்பது வழக்கம். சித்தர் தள்ளவில்லை. தோசைக்கல்லையும் கரண்டியையும்கூட வாங்கிக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரும்பைப் பற்றி நினைக்க அந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடமும் கிடையாது. திருப்பூவணத்தைத் தாண்டினால் திருப்பாச்சேத்தி. அந்த ஊர் அரிவாளைத் தெரியாதவர் தென்மாவட்டத்தில் உண்டா? லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைகளை அரிவாளாக அடிப்பார்கள். வெறும் இரும்பு அல்ல அது, அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கரி கலந்த எஃகு. செக்கச்சிவக்கக் காய்ச்சி, அடித்து, வாய்ப்பகுதியைத் தண்ணீரில் முக்கித் துவைச்சல் போட்டால் அந்த விளிம்பு கடினமாகும், முதுகுப்பக்கம் ஒடியாமல் வளைந்துகொடுக்கும். கரி இல்லாத இரும்பை எத்தனை தடவை முக்கி எடுத்தாலும் இந்தக் கடினம் வராது.

மறுநாள் அழகர்கோவில். மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டர். உற்சவர் அபரஞ்சி என்னும் உயர்ந்த தங்கத்தில் செய்த திருமேனி. மலைமேல் இருக்கும் நூபுர கங்கைத் தீர்த்தத்தில்தான் திருமஞ்சனம், வேறு நீர் பட்டால் கறுக்கும் என்பது ஐதீகம். சித்திரையில் மதுரைக்கு வரும்போதும் அந்தத் தீர்த்தம் கூடவே வரும். தங்கம் காற்றிலும் நீரிலும் துருவோ களிம்போ பிடிக்காது. கறுப்பதாக இருந்தால் அதில் கலந்திருக்கும் வெள்ளியும் செம்பும்தான் கறுக்க வேண்டும். ஆனாலும் அந்த மேனியை ஒரே ஒரு சுனையின் நீரில் மட்டும் நனைத்துக் காப்பாற்றி வருகிறவர்களின் பிரியத்துக்கு முன்னால் என் கணக்கை நான் நீட்டவில்லை. படியேறிப்போய் அந்த நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டோம்.

இறங்கி வந்து பதினெட்டாம்படிக் கருப்பர் வாசலில் நின்றோம். உருவம் இல்லை, சந்தனம் பூசிய கதவுதான் சாமி. காணிக்கையாக வந்த அரிவாள்கள், ஆளுயரத்தையும் மிஞ்சியவை, சாத்தி நிற்கின்றன. செம்பின் பச்சைக் களிம்பு ஒரு போர்வையாக உள்ளே இருப்பதைக் காக்கும். அலுமினியத்துக்கும் அப்படி ஒரு மெல்லிய படலம் உண்டு. எவர்சில்வரில் கலந்திருக்கும் குரோமியமும் அதையே செய்கிறது. இரும்பின் துரு மட்டும் உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால் அதற்கு எண்ணெய் போட ஒரு கை எப்போதும் வேண்டும்.

அழகர் மதுரைக்குப் புறப்படும்போது நகைப் பட்டியலைக் கருப்பர் முன் வாசித்துவிட்டுத்தான் கிளம்புவார்களாம், திரும்பி வந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அபரஞ்சித் தங்கத்துக்கு அரிவாள் காவல். அந்த வாசிப்பை அடுத்த சித்திரையில் இந்த வாசலிலேயே நின்று கேட்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். அன்றைக்கு நிற்க இடம் கிடைக்காது, முதல்நாளே வந்துவிடுவோம் என்றார்.